குவளைக்குள் நிற்கும் தண்ணீர்



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் பால்கனி மிகச் சின்னது. துணி காயப்போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது. அந்த இடத்திலும் ஒரு செடிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். இலைகள் சுற்றிலும் விரிந்து, அடியில் ஒன்றையொன்று தழுவி, நடுவில் ஒரு குவளை ஆகியிருக்கும். குவளையில் தண்ணீர் நிற்கும். நடு இலைகள் குங்குமச் சிவப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சிவப்பைத்தான் பூ என்கிறார்கள். பூ அதுவல்ல, தண்ணீரிலிருந்து தலைநீட்டும் சின்னஞ்சிறு ஊதாப் பூக்கள், குனிந்து பார்த்தால்தான் தெரியும். நியோரெகேலியா என்று பெயர், புரோமீலியாட் குடும்பம்.

பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அன்னாசியும் இதே குடும்பம்தான். ஹொக்கியன் மொழியில் அன்னாசியை 'ஓங் லாய்' என்பார்கள்; 'செல்வம் வருகிறது' என்பதுபோல அது காதில் விழும். அதனால்தான் சீனப் புத்தாண்டுக்குக் கிள்ளானில் வீட்டுக்கு வீடு அன்னாசி. அதே நாட்களில் சிவப்புக் கதிரோடு விற்பனைக்கு வரும் குஸ்மேனியாவும் இதன் உறவுதான்.

என் செடியை சுங்கை பூலோவில் வாங்கினேன். 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. வீட்டையும் ஊரையும் விட்டுப் பிரிக்கப்பட்டவர்கள் அங்கே மண்ணைக் கொத்திச் செடி வளர்த்து அதையே பிழைப்பாக்கினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் வீட்டுச் செடி அந்த நர்சரிகளிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அங்கே செடி வாங்கும்போது பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

தோட்டத்து மண்ணில் இதை நடாதீர்கள், அழுகிவிடும். கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்த சின்னத் தொட்டி போதும். காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் இனம் இது. வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்கு. தண்ணீரையும் சத்தையும் இலைமேல் இருக்கும் நுண்ணிய செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். நியோரெகேலியாவுக்கு வெளிச்சம் குறைந்தால் சிவப்பு மங்கிப் பச்சையாகும். உரம் அதிகமானாலும் அப்படித்தான். குஸ்மேனியா நிழலிலேயே நன்றாக இருக்கும்.

நான் முக்கியமாகப் பேச வந்தது அந்தக் குவளைத் தண்ணீரைப் பற்றி.

ஒருநாள் காலையில் அதற்குள் நெளிந்துகொண்டிருந்த கொசுப்புழுக்களைப் பார்த்தேன். உடம்பு கூசிப்போனது. 2023-இல் மட்டும் மலேசியாவில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது. நூறு பேர் இறந்தார்கள். அதிகம் பாதிக்கப்படும் மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் கொசுவுக்குக் குளம் குட்டை வேண்டாம், ஒரு மூடி தண்ணீர் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். இங்கே பிற்பகல் இடிமழை வந்தால் குவளை தானாக நிரம்பிவிடும். நாம் ஊற்றவில்லையே என்று சும்மா இருந்துவிட முடியாது.

அதற்காகச் செடியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். வாரம் இருமுறை தொட்டியைக் கவிழ்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டுங்கள். பிறகு குழாயால் வேகமாகப் பீய்ச்சுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. அதனால்தான் வேகம் வேண்டும். ஊருக்குப் போகிறீர்களா? செடியை மழை படாத இடத்தில் வைத்து, குவளையைக் காலியாகவே விடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், தொட்டியில் ஈரம் இருந்தாலே அது சில வாரம் தாங்கும். மண்ணெண்ணெயோ சமையல் எண்ணெயோ ஊற்றாதீர்கள். எண்ணெய் செதில்களை அடைத்துவிடும், செடிக்கு அது மூச்சைப் பிடிப்பதுபோல.

அம்மா வேறொன்று செய்துகொண்டிருந்தார். பூஜைக்கு வைத்த செம்புத் தண்ணீரைக் கால்படும் இடத்தில் கொட்டக்கூடாது என்று தினமும் இந்தக் குவளையில் ஊற்றுவார். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாமிரம் இந்தக் குடும்பத்துக்கே நஞ்சு. டிரினிடாட் தீவில், நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தீவில், கொக்கோ தோட்டத்து நிழல் மரங்களில் புரோமீலியாடுகள் அடர்ந்திருந்தன. அவற்றின் குவளைகளில் மலேரியாக் கொசு பெருகியது. 1940-களில் அதைத் தடுக்க மரங்களின் மேல் மயில்துத்தம் தெளித்தார்கள். தாமிரம் கலந்த உப்புதான் மயில்துத்தம். மரம் பிழைத்தது, புரோமீலியாட் செத்தது. இதைச் சொன்னதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து செம்புத் தண்ணீர் துளசிக்குப் போகிறது, இதற்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் குவளையில் மழைத்தண்ணீர்.

வளர்ந்த செடி பூக்கவே மாட்டேன் என்றால், குவளையைக் காலி செய்து, பழுத்த ஆப்பிள் ஒன்றோடு பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். சில வாரங்களில் தெரியும்.

பூத்து முடிந்தால் தாய்ச்செடி மெல்ல வாடும். கண்கலங்க வேண்டாம், இதுவும் வாழை மாதிரிதான். அடியில் பக்கக்கன்று விடும். கன்று தாயில் பாதி உயரம் வந்த பிறகு சுத்தமான கத்தியால் பிரித்து, வெட்டு காய்ந்ததும் நடலாம். ஆழமாகப் புதைக்கக்கூடாது.

என் செடி இப்போது மூன்று கன்று விட்டிருக்கிறது. பெரியதைக் கிள்ளானில் இருக்கும் அக்காவுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொம்யூட்டர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். குவளையைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான்.