தயங்கும் படவில்லை

அவை நிறைந்திருக்கிறது. பேச்சாளர் விசையை அழுத்துகிறார். திரையிற் படம் வரத் தயங்குகிறது. அவையோரின் கவனம் கலைய அச்சில விநாடிகளே போதும். 1987இல் வெளிவந்த பவர்பாயிண்ட் மென்பொருளைக் கையாள்வோர் இவ்விடர்ப்பாட்டுக்குக் கணினியையே நொந்துகொள்வர். ஆனாற் பல வேளைகளிற் குற்றம் படத்தின் பருமனிலேயே உள்ளது. 4000க்கு 3000 அளவுள்ள ஒளிப்படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உண்டு. 1920க்கு 1080 அளவுள்ள திரை காட்டவல்லதோ ஏறத்தாழ 20 இலட்சமே. எஞ்சியவை வீண்சுமை. படத்தை வில்லையிற் சிறிதாக்கினாலும் அச்சுமை குறையாது. ஓரங்களை வெட்டினாலும் வெட்டிய பகுதி கோப்பினுள் மறைந்து கிடக்கும். படங்களைச் சுருக்கும் கட்டளையே இவற்றை நீக்கவல்லது. பின்னரும் தயக்கம் நீங்காவிடின், காட்சியின் தெளிவளவைக் குறைத்தலும் வரைகலைச் செலுத்தியைப் புதுப்பித்தலும் பயன்தரும். அவையில் நாணுவதினும், முதல்நாள் ஒத்திகையில் இவற்றைச் சீர்செய்தலே அறிவுடைமை.