பழைய வண்டி வாங்கியாச்சு, ரேடியேட்டரைத் திறந்து பார்த்தோமா?

(தொழில் கடன் பெற்ற உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



முன்னெல்லாம் குழுக் கடன் என்றால் கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்றுதான் இருக்கும். இப்ப நம்ம உறுப்பினர்கள் செகண்ட் ஹேண்டில் காரும் லோடு வண்டியும் வாங்குறாங்க. ரொம்ப சந்தோஷம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், மடியைத் தொட்டுப் பார்க்கிறோம், ரெண்டு வேளை கறந்து பார்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். வண்டி என்று வந்தால் மட்டும் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கி நின்றுவிடுகிறோம். கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? நம்முடையதுதானே! அதனால் இன்றைக்கு ஒரே ஒரு விஷயம் பேசுவோம். ரேடியேட்டர் தண்ணியைப் பார்த்து வண்டியின் உடம்பைத் தெரிந்துகொள்வது எப்படி?

இன்ஜினுக்குள்ளே ரெண்டு ஓட்டம் இருக்கு. ஒன்று ஆயில். இன்னொன்று சூட்டைத் தணிக்கிற கூலண்ட். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி, நடுவில் சுவர் மட்டும்தான். அந்தச் சுவரில் முக்கியமானது ஹெட் கேஸ்கெட் என்கிற தகடு. அது போனாலோ, ஹெட்டில் விரிசல் விட்டாலோ, ஆயில் கூலரில் ஓட்டை விழுந்தாலோ ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

பார்ப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. ஓடி வந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தோடு இருக்கிற கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதுதான் திறக்க வேண்டும்.

இனி என்னென்ன தெரியும் என்று பார்ப்போம்.

1. நல்ல கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதோ ஒரு நிறத்தில் தெளிவாக இருக்கும்.

2. செம்மண் கரைத்த மாதிரி இருந்தால் உள்ளே துரு. கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணியிலேயே ஓட்டியிருக்கலாம். போர் தண்ணி ஊற்றியிருந்தால் சோறு வடிக்கிற பாத்திரத்தில் படிகிற மாதிரி உப்பும் படிந்திருக்கும்.

3. கூழ் மாதிரி கட்டியாக இருந்தால், ஒத்துவராத ரெண்டு வகைக் கூலண்டைக் கலந்திருக்கலாம். ஒழுகலை அடைக்க மஞ்சள் தூளோ, கடையில் விற்கிற மருந்தோ போட்டிருந்தாலும் அடியில் வண்டல் தங்கும்.

4. மேலே எண்ணெய் மிதந்தாலோ, காபி நிறத்தில் வெண்ணெய் மாதிரி ஒட்டினாலோ ஆயில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஆயில் பார்க்கிற கம்பி, அதாவது டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் பால் டீ மாதிரி இருந்தால் தண்ணி உள்ளே இறங்கிவிட்டது. அப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். தண்ணி கலந்த ஆயில் வழுக்கிக் கொடுக்காது, பேரிங்கைத் தின்றுவிடும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆனால் ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளை படிந்து, கம்பியில் ஆயில் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். கிட்டக்கிட்டவே ஓட்டுகிற வண்டியில், மழைக்காலத்தில் ஈரம் அப்படிச் சேர்வது உண்டு.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பழைய வண்டியில் இன்றைக்குத் தெரிகிற அழுக்கு முன்னாடி வந்த கோளாறின் மிச்சமாகவும் இருக்கலாம். பழுது பார்த்தவர் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பார். அதேபோல, விற்கிறவர் நேற்றுத்தான் புதுக் கூலண்ட் ஊற்றியிருந்தால், உள்ளே கோளாறு இருந்தும் தண்ணி பளிச்சென்று இருக்கும். அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால், கூலண்டை வடித்து, நன்றாகக் கழுவி, புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். ரிசர்வ் டேங்கில் மட்டம் தெரிகிற இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் கிட்டத்திலேயே ஓட்டி, தினமும் காலையில் பாருங்கள். மறுபடி எண்ணெய் மிதந்தால் கோளாறு இப்போதும் இருக்கிறது. தெளிவாகவே இருந்தால் அது பழைய மிச்சம்.

நம்ம குழு ஒன்றில் மூணு பேர் சேர்ந்து காய்கறி ஏற்ற லோடு வண்டி வாங்கினாங்க. பத்தாவது நாள் ரேடியேட்டரில் காபி நிற வெண்ணெய். பட்டறையில் "இன்ஜினையே இறக்கணும்" என்றார்கள். இவங்க உடனே தலையாட்டவில்லை. கம்பியில் ஆயில் சுத்தமாக இருந்ததைக் காட்டி, கழுவி ஊற்றி, டேப் ஒட்டிப் பார்த்தாங்க. எண்ணெய் திரும்ப வந்தது. ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலண்டைவிட அதிகம். அதனால் ஆயில் கூலர் கசிந்தால் ஆயில்தான் தண்ணிப் பக்கம் போகும். வேறு மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்ததில் ஆயில் கூலர் சீல்தான் கோளாறு என்று தெரிந்தது. எண்ணெய் பட்டு ஊறிப்போன ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினாங்க. இன்ஜினை இறக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டோம். இன்னொரு குழுவில் தண்ணி தினமும் குறைந்தது, ஆனால் வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வந்தது. இதெல்லாம் ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளம். "இந்த வார லோடு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டதில் சூடு ஏறி ஹெட் வளைந்துவிட்டது. முதலிலேயே நிறுத்தியிருந்தால் கேஸ்கெட்டோடு முடிந்திருக்கும். வண்டி பட்டறையில் நின்ற மாதத்தில் தவணை கட்ட வழியில்லாமல், குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒருத்தர் வண்டி நின்றால் பன்னிரண்டு பேர் சேமிப்பில் கை வைக்கிறோம். இது தனி ஆள் பிரச்சினை இல்லை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். "ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. இன்ஜின் புகை தண்ணியில் கலக்குதா என்று நிறம் மாறுகிற மருந்து வைத்துப் பாருங்க. ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து வளைவு பாருங்க. மாற்றின சாமானைக் கையில் கொடுங்க, பில் போடுங்க."

வீட்டிலும் கவனம் வேண்டும். நிறைய கூலண்டுகளில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்ததைச் சாக்கடையிலோ ஆடு, நாய் குடிக்கிற இடத்திலோ ஊற்றாதீர்கள். பழைய தண்ணி பாட்டிலில் ஊற்றிக் குழந்தைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்காதீர்கள். வழியில் சூடு முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணி ஊற்றினால் விரிசல் விடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இனி வண்டிக்குக் கடன் கேட்டு மனு வந்தால், மூன்று விஷயங்களைக் குழுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்: தண்ணியின் நிறம், ஆயிலின் நிறம், பார்த்த தேதி. வாங்கி ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே வண்டி வைத்திருக்கிறவர்கள் நாளைக் காலையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன பார்த்தீர்கள் என்று நாங்கள் கேட்போம்.