நீ வாசி



தஞ்சாவூர்ப் பக்கத்தில் நாயனம் கற்றுக்கொள்வதற்காகக் குரு வீட்டில் கொண்டுபோய் விடப்பட்ட பையன்களின் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சீவாளி கைக்கு வருமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும், குருவின் வேட்டியைத் துவைக்கவேண்டும், சாமி புறப்பாட்டில் பின்னால் நின்று ஒத்து ஊதவேண்டும். ராகம் பாடமாக வராது. திண்ணையில் படுத்திருக்கும்போது உள்ளறையிலிருந்து காதுக்கு வரும். ஒருநாள் நடுவீதியில், ஊரே பார்த்திருக்க, குரு தன் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டு "நீ வாசி" என்பார். அந்த நாள் வராமலே போன சிஷ்யர்களும் உண்டு.

கிறிஸ்தவர்களிடம் இதே கலைக்குச் சீஷத்துவம் என்று பெயர். கத்தோலிக்கர்கள் சீடத்துவம் என்பார்கள். எழுத்துதான் வேறு, வேலை ஒன்று. இயேசு பன்னிரண்டு பேரைக் கூடவே வைத்துக்கொண்டு நடந்தார், சாப்பிட்டார், பாதியிலேயே அவர்களை இரண்டிரண்டு பேராக ஊருக்குள் அனுப்பியும் பார்த்தார். பவுல் தன் இளைய தோழர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், என்னிடம் கேட்டதை நம்பத்தகுந்த ஆட்களிடம் ஒப்படைத்துவிடு, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்கட்டும் என்கிற கருத்தைச் சொல்கிறார். எண்ணிப் பாருங்கள், நாலு தலைமுறை ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. இன்று இந்த வேலைக்கு மூன்று நாள் முகாம், ஒரு கோப்பு, கடைசி நாளில் ஒரு சான்றிதழ் என்றாகிவிட்டது. அதைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை.

சீஷனை உருவாக்குவதை ஒரு கலையாகவே வைத்துக்கொண்டு, அது எங்கே நன்றாக வந்தது, எங்கே சுருதி விலகியது என்று பார்க்கலாம். நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கேட்கலாம். இதற்குக் கல்கத்தாவைத் தேர்ந்துகொண்டேன். காரணம், அங்கே இருநூறு ஆண்டுக் கதை ஒன்று ஹூக்ளி ஆற்றங்கரையிலேயே கிடக்கிறது. அதில் நம் ஊர் ஆட்களும் வருகிறார்கள்.

ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறினால் அரைமணிக்குச் சற்று மேலே செராம்பூர் வந்துவிடும். வங்காளிகளுக்கு அது ஸ்ரீராம்பூர். 1800-ல் அது டென்மார்க் அரசருடைய ஊர், நம் தரங்கம்பாடி போல. இரண்டையும் 1845-ல்தான் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது. ஆகவே செருப்புத் தைத்துக்கொண்டிருந்து பிறகு போதகரான வில்லியம் கேரி, பள்ளி ஆசிரியர் யோசுவா மார்ஷ்மன், அச்சுத் தொழில் தெரிந்த வில்லியம் வார்ட் ஆகிய மூவரும் டேனியக் கொடியின் நிழலில் ஒண்டினார்கள். மூன்று பேருக்கும் ஒரே சமையல், ஒரே கஜானா. மார்ஷ்மனின் மனைவி ஹன்னா நடத்திய பள்ளிக்கூட வருமானம்தான் அந்தக் கூட்டுக் குடும்பத்தின் பெரிய தூண். அவர் பெயரைச் சொல்லாமல் மூவர் மூவர் என்றே எழுதிவைத்துவிட்டார்கள்.

கேரி வங்காளத்துக்கு வந்தது 1793-ல். ஏழு வருஷம் பிரசங்கித்தும் ஒரு வங்காளிகூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கடைசியில் வந்தவர் கிருஷ்ண பால் என்ற தச்சர். ஆற்றில் குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்து தோள்மூட்டு விலகியது. மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் தாமஸ் வந்து அதைச் சரியாகப் பொருத்தினார். கட்டுப் போட்டுவிட்ட கையோடு பேச்சும் தொடங்கியது. 1800 டிசம்பர் 28 அன்று, கேரியின் மகன் ஃபீலிக்ஸோடு சேர்ந்து, கிருஷ்ண பால் ஹூக்ளியில் முழுக்கு ஸ்நானம் பெற்றார். அதற்குச் சில நாள் முன்னே அவர் வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்கே ஊர் கொதித்தெழுந்து அவரைப் பிடித்து டேனிய அதிகாரியிடம் இழுத்துப்போயிற்று.

இதுவரை எல்லா மிஷன் புத்தகத்திலும் இருக்கும் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. கிருஷ்ண பால் கேட்பவராக மட்டும் நின்றுவிடவில்லை. கல்கத்தாத் தெருக்களில் வருஷக்கணக்கில் பேசினார். 1813-ல் சில்ஹெட் தாண்டி காசி மலையடிவாரம்வரை போய், அங்கே சிலருக்கு அவரே ஞானஸ்நானம் கொடுத்தார், காசி இனத்தவருக்கும் சேர்த்து. கேரி அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. சீஷன் குருவைத் தாண்டிப் போனான். நாயனக்காரர் பாஷையில் சொன்னால் வீதியில் தனியாக வாசித்துவிட்டான். இன்னொன்று: அவர் பெயர் கடைசிவரை கிருஷ்ணனாகவே இருந்தது. 1733-ல் தரங்கம்பாடியில் முதல் தமிழ் லுத்தரன் குருவாக ஆன ஆறுமுகம், ஆரோன் ஆகிவிட்டிருந்தார். செராம்பூர்க்காரர்கள் பெயரை மாற்றவேண்டாம் என்று எழுதியே வைத்துக்கொண்டார்கள்.

எழுதி வைத்த அந்தக் காகிதம் 1805 அக்டோபர் 7 தேதியிட்ட உடன்படிக்கை. பதினொரு கூறுகள். இந்த மாபெரும் நாட்டுக்குச் செய்தி போய்ச் சேரவேண்டுமானால் அது இந்த நாட்டுப் போதகர்கள் வாயிலாகத்தான் முடியும், வெளியிலிருந்து வருகிறவன் பயிற்சி கொடுத்துவிட்டு அடுத்த ஊர் பார்க்கவேண்டும் என்கிற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. மறந்துவிடக் கூடாதென்று வருஷத்துக்கு மூன்று தடவை அதை ஒவ்வொரு மிஷன் நிலையத்திலும் வாசிக்கவேண்டும் என்றும் முடிவு செய்தார்கள்.

எழுத்தில் இது அருமையான ராகம். அவர்கள் வாசித்தது எப்படி?

அதே வளாகத்தில் வேறொரு குருகுலம் நடந்துகொண்டிருந்தது; அதை முதலில் பார்த்துவிடுவோம். பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர், சார்லஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் எழுத்து வெட்டும் வித்தையைக் கற்றவர். 1778-ல் ஹூக்ளி என்ற ஊரில் அச்சான ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணத்துக்கு எழுத்து வார்த்ததில் இவர் கையும் உண்டு. செராம்பூர் அச்சகத்துக்கு வந்த பஞ்சானன் சில வருஷங்களில் இறந்துவிட்டார். ஆனால் அதற்குள் தன் மருமகன் மனோகரைத் தயார் செய்துவிட்டிருந்தார். அதன்பின் பல இந்திய லிபிகளுக்கும் சீனத்துக்கும் எழுத்து வார்த்த அந்த வார்ப்படச் சாலையின் உயிர்நாடி மனோகர்தான். உளி பிடிப்பதில் யார் மேல், யார் கீழ் என்ற பேச்சுக்கு இடமில்லை. எழுத்து சரியாக விழுந்ததா என்பதுதான் கேள்வி. அங்கே கை மாறியது.

மிஷனில் கை மாற நாளாயிற்று. 1818-ல் ஆற்றைப் பார்த்தபடி ஒரு கல்லூரி தொடங்கினார்கள். கிறிஸ்தவப் பையன்களோடு இந்துப் பையன்களும் சேர்ந்து படிக்கலாம், சமஸ்கிருதமும் மேற்கத்திய விஞ்ஞானமும் இரண்டும் உண்டு, மதம் மாறவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பரந்த மனம், சந்தேகமில்லை. 1827-ல் டேனிய அரசர் ஆறாம் ஃபிரடெரிக் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனமும் தந்தார். அதே சாசனத்தின் வழியாகத்தான் இன்றும் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்து முடிக்கிற தமிழ் ஆயர், செராம்பூர்ப் பட்டம் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார். ஆனால் செராம்பூர்க் கல்லூரி முதல்வரின் நாற்காலியில் முதன்முதலாக ஓர் இந்தியர், சி. இ. ஆபிரகாம், உட்கார்ந்தது 1949-ல். தொடங்கி 131 வருஷம் கழித்து! நாடே விடுதலையான பிறகு. 1805-ல் வருஷத்துக்கு மூன்று தடவை வாசிக்கச் சொன்ன காகிதத்தை யார் வாசித்தார்கள், யார் காதில் வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பவனுக்குத் தன் பாடத்தின்மேல் ஒரு காதல் வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் பழகட்டும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். சம்பளப் பட்டியல் அவன் கையில் இருக்கும்வரை சபையில் பாடம் சொல்லும் உள்ளூர் உபதேசியார் உதவியாளராகவேதான் இருப்பார். திருநெல்வேலிச் சீமையில் தாத்தா உபதேசியாராக இருந்தவர்களைக் கேட்டால் இதைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள்.

அதே திருநெல்வேலியிலிருந்துதான் ஓர் ஆள் கிளம்பி வந்தார். வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டு ஊரில் 1874-ல் குருவானவர் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு. நம் பணத்தில், நம் ஆட்களை, வேறு மொழி பேசுகிற ஊருக்கு அனுப்புவது அதன் நோக்கம். இரண்டு வருஷம் கழித்து, 1905 கிறிஸ்துமஸ் நாளன்று, நாட்டின் பல பகுதியிலிருந்து வந்த இந்தியர்கள் செராம்பூரில் கேரியின் நூலகத்தில் கூடி தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னார்கள். அசரியா முதல் செயலாளர், சேலத்துக்காரர் கே. டி. பால் பக்கபலம். கேரியின் புத்தக அலமாரிகளுக்கு நடுவிலேயே, கேரியின் வாரிசுகள் தயங்கிய காரியத்தை இவர்கள் செய்தார்கள். இடத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அங்கே அசரியா எழுந்து, நீங்கள் எங்களுக்காக எத்தனையோ தியாகம் செய்திருக்கிறீர்கள், இனி எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்கிற பொருளில் பேசினார். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். சீஷன் குருவைப் பார்த்து, நீங்கள் என்னோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்ட மாதிரி.

1912 டிசம்பர் 29. கல்கத்தா செயிண்ட் பால்ஸ் பேராலயம். அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார், ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அடுத்த முப்பத்திரண்டு வருஷம் நிஜாம் சீமையில், தெலுங்குக் கிராமங்களில், மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் திரிந்தார். அவருடைய கைத்திறன் அங்கேதான் தெரிகிறது. கிராமத்து உபதேசியாரை மட்டும் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை. மனைவியையும் சேர்த்தே கூப்பிட்டார், ஏனென்றால் ஊரில் பாதிக் காரியம் அடுப்படியில் நடக்கிறது. ஞானஸ்நானம் எடுக்கிறவர் தன் கையைத் தன் தலைமேலேயே வைத்துக்கொண்டு, இதைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்னும் பொருளில் உறுதி கூறவேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தினார். சேர்ந்த அன்றைக்கே அந்தக் கூலியாள், அந்த எழுத்தறியாத பெண், தானும் ஓர் ஆசான் ஆகிவிடுகிறார். பவுலின் நாலு தலைமுறையை இவ்வளவு எளிமையாக ஒரு சைகையில் வைத்தவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கணக்கை முழுசாகச் சொல்லவேண்டும். 1945 ஜனவரி 1 அன்று அசரியா இறந்தார். அன்றுவரை ஒரு மறைமாவட்டத்தைத் தலைமையேற்று நடத்திய ஆங்கிலிகன் இந்தியப் பேராயர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின் தோர்ணக்கல்லில் அமர்ந்தவர் ஏ. பி. எலியட் என்ற வெள்ளைக்காரர், அசரியாவின் துணைப் பேராயராக இருந்தவர். நூற்றுக்கணக்கில் கிராம ஊழியர்களை உண்டாக்கியவருக்கே, தன் நாற்காலிக்கு ஓர் இந்தியரை விட்டுச்செல்ல வாய்க்கவில்லை. குறை அவருடையதா, அவருக்கு மேலிருந்த அமைப்பினுடையதா? என் பார்வையில் முக்கால்வாசி அமைப்பினுடையது. கால்வாசியை அவர் பக்கம் வைத்துக்கொள்கிறேன், பெரியவர்களின் நிழலில் செடி வளர்வது எப்போதும் கடினம்.

மறுபடி கல்கத்தாவுக்கு வருவோம். எண்டாலியில் லொரெட்டோ சகோதரிகளின் செயிண்ட் மேரிஸ் பள்ளியில் பாடம் நடத்திய அல்பேனிய ஆசிரியை ஒருவர் 1948-ல் மடத்தை விட்டு வெளியே வந்தார். அவரை எல்லோருக்கும் தெரியும். அவரிடம் முதலில் வந்து சேர்ந்தவரைத்தான் யாருக்கும் தெரியாது. 1949 மார்ச் 19 அன்று, கிரீக் லேன் 14-ஆம் எண் வீட்டின் மாடியில், அவருடைய பழைய மாணவி சுபாஷினி தாஸ் வந்து நின்றார். துறவறப் பெயராக அவருக்குக் கிடைத்தது ஆக்னஸ். அன்னை தெரசாவின் ஞானஸ்நானப் பெயர் அது. குரு தன் பெயரையே சீடிக்குத் தந்துவிட்டார். தொடர்ந்து வந்தவர்களும் பெரும்பாலும் அவரிடம் படித்த பெண்களே. தெருவில் இறங்கி வேலை செய்த நேரம் போக, பரீட்சையையும் எழுதி முடிக்கவேண்டும் என்று அன்னை அவர்களைப் பிடித்துவைத்துப் படிக்கச் செய்தார். அடுத்த வருஷம் அவர்களுடைய துறவற சபைக்கு ரோம் அனுமதி வந்த தேதி அக்டோபர் 7. செராம்பூர் உடன்படிக்கையின் அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அங்கே பயிற்சி என்பது வகுப்பறையில் பாதி, இறக்கிறவர்களுக்கான காளிகாட் இல்லத்தில் மீதி. இறந்துகொண்டிருக்கிறவரைக் குளிப்பாட்டுவது எப்படி என்பதைக் கரும்பலகையில் காட்ட முடியாது. மூத்த சகோதரி செய்வார், இளையவர் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மறுவாரம் பக்கெட் கை மாறும். இரண்டு வருஷ நவதுறவு, தற்காலிக வாக்குறுதிகள், பல வருஷம் கழித்துத்தான் நித்திய வாக்குறுதி. நாயனக்காரர் திண்ணை நினைவுக்கு வருகிறதா? கட்டுப்பாடு அதிகம், கேள்வி கேட்க இடம் குறைவு என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஐம்பது வருஷத்துக்குள் அந்த மாடி அறையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சகோதரிகள் போனார்கள் என்பது இந்த முறையின் பலன்தானே?

1990-ல் அன்னை பதவி விலகப் பார்த்தார். சகோதரிகள் விடவில்லை, திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1997 மார்ச்சில் மறுபடி கூடியபோது நிர்மலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ராஞ்சியில் ஒரு நேபாளிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அன்னை உயிரோடு பக்கத்தில் இருக்கும்போதே பொறுப்பு கைமாறியது. அடுத்த மாதம் ஆக்னஸ் இறந்தார், செப்டம்பர் 5 அன்று அன்னையும்.

நிர்மலாவை இனி 'மதர்' என்று அழைப்பதா என்று கேள்வி வந்தது. அவர் வேண்டாம் என்றார். ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை 54ஏ எண் வீட்டில் தலைமைப் பொறுப்பில் இருப்பவரை இன்றும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.