விராடன் மடைப்பள்ளியில் ஒரு பெண்

ஆனேக்கல் தமிழன்பர்களே, எல்லை தாண்டி ஓசூரிலிருந்து வந்திருப்பவர்களே, தமிழ் கேட்க ஆசைப்பட்டு வந்தமர்ந்திருக்கும் கன்னட நண்பர்களே, சமையலின் உச்சத்தைச் சொல்ல நம்மிடம் காலங்காலமாக இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று நளபாகம், மற்றொன்று பீமபாகம். இரண்டும் ஆண்களின் பெயரில் இருக்கின்றன என்பதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. நளன் எங்கே சமைத்தான்? நாடிழந்து, உருமாறி, நிடத நாட்டை விட்டு அயோத்திக்குப் போய், அங்கே இருதுபன்னன் அரண்மனையில் வேலைக்கு நின்றபோது சமைத்தான். பீமன் எங்கே சமைத்தான்? பெயரை மறைத்து, விராடனின் மடைப்பள்ளியில் கூலியாளாக நின்று சமைத்தான். இரண்டு பேருமே பிழைப்புக்காக அயலூர் போனவர்கள். அயலார் நாக்குக்கு ஆக்கிப் போட்டவர்கள். அயலூரானுக்கு மச்ச நாட்டுச் சமையல் எப்படி வரும் என்று விராடன் கேட்டதாகப் பாரதம் சொல்லவில்லை. கேட்ட வேலையைக் கொடுத்தார்கள். அதே விராடன் அரண்மனைக்குத்தான் திரௌபதியும் வேலை தேடி வந்தாள். அவளுக்குக் கிடைத்தது அரசியின் கூந்தலை அலங்கரிக்கும் வேலை.

இந்தக் கதையை ஓரமாக வைத்துவிட்டு நம் காலத்துக்கு வருகிறேன். கரிமா அரோரா என்று ஒரு பெண். பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, பத்திரிகையாளராகச் சிறிது காலம் வேலை பார்த்தவர். அதை விட்டுப் பாரிஸ் போய் லெ கோர்தோன் ப்ளூ பள்ளியில் பிரெஞ்சுச் சமையல் படித்தார். கோபன்ஹேகனில் நோமா உணவகத்தில் வேலை பார்த்தார். பிறகு பாங்காக் போனார். 2017-இல் அங்கே 'கா' என்ற பெயரில் சொந்த உணவகம் திறந்தார். அடுத்த ஆண்டே மிஷலின் நட்சத்திரம் வந்தது. அந்த நட்சத்திரத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று நம் நாட்டுப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. 2023 டிசம்பரில் இரண்டாவது நட்சத்திரமும் கிடைத்தது. இந்தியக் கைப்பக்குவத்தைத் தாய்லாந்துச் சந்தையின் காய்கறி, மீன், பழங்கள் மேல் செலுத்துகிற சமையல் அவருடையது. பலாப்பிஞ்சும் ரொட்டியும் ஊறுகாயும் அங்கே உயர்தர விருந்தின் நடுவே வந்து உட்காருகின்றன. கொண்டாட்டம் சரிதான். ஆனால் கரிமாவின் பாதையைக் கவனியுங்கள். பாரிஸ், கோபன்ஹேகன், பாங்காக் என்று அயலூர்ச் சமையற்கூடங்கள் வழியாகத்தான் அவர் வந்தார். ஒரு சமையலைக் கையாளும் உரிமை பிறப்பால் வருவதா, பழக்கத்தால் வருவதா என்ற கேள்விக்கு அந்தப் பாதையே ஒரு சாட்சி. பழக்கத்தால் வருவது என்பது என் கட்சி. அதைவிட முக்கியமாக, பிறப்புரிமை என்ற வாதத்தை நாம் எப்போது எடுக்கிறோம், யாரிடம் எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதும் என் கட்சி.

முதலில் நம் தட்டைப் பார்ப்போம். ஆனேக்கல் தாலுகாவில் எந்தச் சிற்றுண்டிச் சாலையில் நுழைந்தாலும் மதியத்துக்குக் கேழ்வரகு முத்தே உண்டு. ஓசூரில் அதற்குக் களி என்று பெயர். அத்திப்பள்ளியில் வண்டிகளை நிறுத்தச் சோதனைச் சாவடி உண்டு, களியை நிறுத்த ஏதுமில்லை. இந்தியாவிலேயே அதிகமாகக் கேழ்வரகு விளைவிப்பது கர்நாடகம்தான். ஆனால் அந்தத் தானியம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் மனிதர் வசப்படுத்தி, ஆயிரமாண்டுக் கணக்குக்கு முன் கடல் கடந்து வந்தது. முத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் பஸ்ஸாருவில் காரம் தரும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. தக்காளியும் அந்தக் கண்டத்துச் சரக்குதான். இட்லி மட்டுமாவது நம்முடையதென்று தமிழர் மார்தட்டினால், 'இட்டலிகெ' என்ற சொல் பத்தாம் நூற்றாண்டில் சிவகோடியாச்சாரியாரின் 'வட்டாராதனெ' என்ற கன்னட நூலில் வந்துவிட்டது என்று கன்னட நண்பர்கள் எடுத்துக் காட்டுவார்கள். (அன்றைய இட்டலிகெயும் இன்றைய இட்லியும் ஒன்றல்ல என்று நாம் மறுத்துப் பேசலாம். அந்தச் சண்டை இன்று வேண்டாம், பசி நேரம்.) வந்தேறிகளைக் கழித்துவிட்டால் இந்தத் தட்டில் மிஞ்சுவது சொற்பம். தானியத்துக்கும் மிளகாய்க்கும் குடியுரிமை கொடுத்த ஊர், சமைக்கும் கைக்கு மட்டும் ஊர் கேட்பதில் என்ன நியாயம்?

இப்போது என் முதன்மையான சான்றுக்கு வருகிறேன். அதற்கு ஆவணக் காப்பகம் போக வேண்டாம். நம் வீடுகளே போதும். கல்யாணமாகிப் போகும் ஒவ்வொரு பெண்ணும் அயல் சமையல் கற்கிறாள். செட்டிநாட்டுப் பெண் கொங்கு நாட்டுக்குப் போனால் மசாலாவைக் குறைத்துத் தேங்காயைக் கூட்டுகிறாள். தருமபுரியிலிருந்து ஆனேக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் ரசத்தைச் சாரு என்று சொல்லக் கற்கிறாள், கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரை இறுத்துப் பஸ்ஸாரு வைக்கக் கற்கிறாள், மாமனாருக்கு முத்தே எந்தப் பதத்தில் விரலில் ஒட்டாமல் உருள வேண்டும் என்று கற்கிறாள். எத்தனை காலத்தில் கற்க வேண்டும் என்கிறோம்? தலை ஆடிக்குள் என்கிறோம். கற்காவிட்டால் என்ன சொல்கிறோம்? பிறந்த வீட்டில் இதைக்கூடச் சொல்லித் தரவில்லையா என்கிறோம். பிறந்த வீட்டில் இல்லாத பண்டத்தைப் பிறந்த வீடு எப்படிச் சொல்லித் தரும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஆக, ஒரு பெண் தன் மரபுக்கு வெளியே உள்ள சமையலை முழுமையாகக் கைவசப்படுத்த முடியும் என்று இந்தச் சமூகம் ஐயமில்லாமல் நம்புகிறது. நம்புவதோடு கட்டாயமும் ஆக்கியிருக்கிறது. அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. சம்பளமும் பெயரும் கேட்டுக்கொண்டு அவள் உணவகத்தின் சமையற்கூடத்துக்குள் நுழையும்போதுதான் 'இது உன் மரபா' என்ற கேள்வி முளைக்கிறது. மரபைப் பற்றிய கவலையாக அது தொனித்தாலும், அடியில் கிடப்பது கூலியைப் பற்றிய கேள்வி.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றையும் பாருங்கள். உடுப்பிக்குப் பக்கத்துக் கடந்தலெயில் பிறந்த கிருஷ்ண ராவ், பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். எடுபிடி வேலையில் தொடங்கி, 1930-களின் பிற்பகுதியில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். துளு நாட்டுக்காரர் தமிழருக்குச் சாம்பார் ஊற்றினார். தமிழர் அதை உறிஞ்சிக் குடித்து, 'உடுப்பி ஓட்டல்' என்ற சொல்லையே தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். யாரும் மரபு கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆண் அயலூரில் சமைத்தால் அதற்குத் தொழில் என்று பெயர். நம் பேச்சு வழக்கே இதற்குச் சாட்சி. பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், தோசை மாஸ்டர் என்கிறோம். அதே அடுப்பில் நிற்கும் பெண்ணை எப்படி அழைக்கிறோம்? சமையல்காரம்மா. பள்ளிக்கூடமாக இருந்தால் ஆயா. மாஸ்டருக்குப் பெண்பால் தமிழில் இன்னும் பிறக்கவில்லை.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில கனமானவை. முதல் மறுப்பு நாக்கைப் பற்றியது. சிறு வயதில் பழகிய சுவைதான் அளவுகோல், அது இல்லாதவர் எத்தனை படித்தாலும் நகல்தான் எடுப்பார் என்பார்கள். இதில் ஓர் உண்மை இருக்கிறது. புளிப்பின் அளவை நாக்கு கைக்குழந்தைப் பருவத்திலேயே பழகிக்கொள்கிறது. ஆனால் பழகிய நாக்கு புதிதாகப் பழகாது என்று அதற்குப் பொருளில்லை. ஹைதராபாத்தில் பிறந்த ராஜி ஜல்லேபள்ளி அமெரிக்காவில் குடியேறி, நுண்ணுயிரியல் துறையில் இருந்தவர். மெம்பிஸ் நகரில் உணவகம் வைத்து, பிரெஞ்சு முறைக்குள் இந்திய மணத்தைப் புகுத்தினார். ஜேம்ஸ் பியர்ட் விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனார். 2002-இல் இறந்துபோன அவரை இன்று இந்தியாவில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் நாட்டுக்குள்ளேயே தங்கம் பிலிப் இருந்தார். கேரளத்துப் பெண். மும்பையில் உணவக நிர்வாகக் கல்லூரியின் முதல்வராக இருந்து, அயல்நாட்டுச் சமையலையும் இந்தியாவின் பல வட்டாரச் சமையல்களையும் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்தார். அவர் எழுதிய பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு படித்துத் தேறியவர்கள் பெரிய ஓட்டல்களில் தலைமைச் சமையற்காரர்கள் ஆனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1976-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மலையாள நாக்கு பிரெஞ்சு சாஸைக் கற்பிக்க முடியாது என்பவர்களுக்கு அந்த வகுப்பறை பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நேர்மையானது. எளியவரின் சமையலை வலியவர் எடுத்து விற்றுப் பணமும் புகழும் அடைகிறார்களே, அதுவும் பழக்கத்தால் வந்த உரிமைதானா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. டயானா கென்னடி என்ற பிரிட்டிஷ் பெண், நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவரை மணக்க 1957-இல் மெக்சிகோ போனார். கிராமம் கிராமமாகச் சுற்றிப் பெண்களிடம் கேட்டுச் சேர்த்த சமையலை 1972-இல் நூலாக்கினார். உலகம் அவரை மெக்சிகோ சமையலின் தலைமை அறிஞராக்கியது. சொல்லிக் கொடுத்த பெண்கள் கிராமத்திலேயே இருந்தார்கள். இந்தச் சமமின்மையை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பண்டத்தை யாரிடம் கற்றேன் என்று தன் நூல்களில் பெயர் குறித்தவர் டயானா. கடனை ஒப்புக்கொள்வது ஒரு நடைமுறை, அதைப் பழக முடியும். தடை போடுவதால் அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு எதுவும் கிடைத்திருக்காது. கடன் எழுதுவதால் பெயராவது கிடைத்தது, பங்கு கேட்பதற்கு அதுவே முதல் படி. இன்னொன்றும் உண்டு. அமெரிக்கரான ஜூலியா சைல்ட் பாரிஸில் படித்துவிட்டு 1961-இல் பிரெஞ்சுச் சமையல் நூல் வெளியிட்டபோது கிடைத்த வரவேற்பையும், நம் ஊர்ப் பெண் அதே பாரிஸ் அடுப்பில் நின்றால் 'உங்கள் கறி மசாலா எங்கே' என்று எதிர்பார்க்கும் கண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். மரபைத் தாண்டும் சுதந்திரம் சிலருக்கு இயல்பாகவே கிடைக்கிறது. குடியேறிய பெண்ணிடம் மட்டும் பாட்டியின் செய்முறையை உத்தரவாதமாகக் கேட்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு நம்மவர் எழுப்புவது. எல்லோரும் அயல் சமையலுக்குப் போய்விட்டால் நம் சமையலை யார் காப்பது? நத்தத்துப் பக்கத்திலிருந்து போன விஜயகுமார், நியூயார்க்கின் 'செம்ம' உணவகத்தில் நத்தைப் பிரட்டலை வைத்து 2022-இல் மிஷலின் நட்சத்திரமும் 2025-இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் வாங்கினார். அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். தேர்வு என்பது மற்றொன்றையும் எடுத்திருக்கலாம் என்ற நிலையில்தான் பொருள்படும். மரபைக் காக்கும் பாரத்தைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, அவளுக்கு வேறு கதவே இல்லாமல் செய்தால், அங்கே காப்பாற்றப்படுவது சமையல்தானா என்று எனக்குச் சந்தேகம். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' வெளியிட்டபோது அவர் வீட்டுக் கைப்பக்குவம் அச்சேறி, கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. அது அன்று முதல் யார் வேண்டுமானாலும் கற்கக்கூடிய பண்டம். பிற சாதிக்காரரும், பிற மாநிலத்தவரும், பிற நாட்டவரும் கற்றார்கள். அதனால் அந்தச் சமையல் குறைந்துபோகவில்லை.

ஆகவே ஆனேக்கல் பற்றி ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளித் தொழிற்பேட்டைகளில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாப்பிடும் மெஸ்களிலும் கேன்டீன்களிலும் தமிழ்ப் பெண் முத்தே உருட்டுகிறாள், கன்னடப் பெண் பிரியாணித் தம் போடுகிறாள், வடகிழக்கிலிருந்து வந்த பெண் தோசைக் கல்லில் நிற்கிறாள். அவர்கள் எவரும் சமையற்கலைக் கல்லூரிக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில், முன்பே கைவந்த திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நீண்ட நாள் வகுப்பில் உட்காராமல், செய்து காட்டித் தேறலாம். இந்த மன்றத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள். தமிழ், கன்னடம், இந்தி மூன்றும் எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த அரங்கில் மேசை போட்டு உட்காருங்கள். அந்தப் பெண்களில் எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தெரிந்த சமையல் எது என்று கேட்கும் இடத்தில், அவள் பிறந்த ஊரின் சமையலை நீங்களாக நிரப்பிவிடாதீர்கள். அவளையே கேட்டு எழுதுங்கள்.