தொழில் தேடுவோர்க்குப் பல்கலைக்கழக நூலகம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். ஆயினும், இன்று நம் இல்லங்களில் இரவும் பகலும் பேசப்படும் பொருள் இலக்கியமன்று, வேலை. ஆதலின், நூல்களை விட்டு நீங்காமலே வேலையைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

நம் முன்னோர் வடார்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து இத் தங்கவயலுக்கு வந்தனர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே பணி தொடங்கிய பின்னர், தந்தை இறங்கிய சுரங்கத்தில் மகனும் இறங்குவது வழக்கமாயிற்று. எத்தொழிலை மேற்கொள்வது என்னும் வினா பல குடும்பங்களில் எழவே இல்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று எழுந்த அவ்வினா இன்னும் அடங்கவில்லை.

இப்பொழுது விடியுமுன்னர் மாரிக்குப்பத்தில் வண்டியேறி, இருட்டிய பின்னர் இல்லந் திரும்புவோர் பல்லாயிரவர். அருகில் அமர்ந்தவர் சொல்லும் வேலைதான் நம் இளைஞர்கள் அறிந்த வேலை. அவர் காவற்காரராயின் இவரும் காவற்காரர். அவர் துணி ஆலைக்குச் சென்றால் இவரும் அங்கேயே. உழைப்புக்கு நாம் அஞ்சுவதில்லை. ஆனால், உலகில் எத்தனை வகைத் தொழில்கள் உள என்பதை அறியாமல் ஒன்றை ஏற்பது தேர்வு ஆகுமா? ஆகாது.

இதற்குரிய விடை பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. தொழில் தேடி நூலகம் புகுந்து, நூலகத்தையே தம் தொழிலாக்கிக்கொண்ட தமிழர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வந்த சில நாட்களிலேயே தனிமை தாளாமல், வகுப்பறைக்கே மீள விரும்பினார். இலண்டன் சென்று பயின்று வந்த பின்னரும் பிடிக்கவில்லையாயின் திரும்பலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அங்கே நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் பயன்படுவதைக் கண்டார், மனம் மாறினார், மீண்டும் வகுப்பறையை நாடவில்லை. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக்கினார். பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறி, 1962-இல் அங்கே ஆவண ஆய்வு பயிற்சி மையத்தை நிறுவி, 1972-இல் அந்நகரிலேயே மறைந்தார். ஒரு தொழிலை அருகிருந்து அறியாதவரை அதனை வெறுக்கவும் கூடாது, விரும்பவும் கூடாது என்பதே அவர் வாழ்வு நமக்குக் கூறும் பாடம்.

இனி, நூலகத்தில் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, நூலகரிடம் கூச்சமின்றிக் கேட்டல். ‘எனக்கு ஒரு வேலை வேண்டும்’ என்றால் அவர் என் செய்வார்? ‘பொருத்துநர் பயிற்சி பெற்றவன் மேற்கொண்டு என்ன படிக்கலாம்?’ என்று கேட்டால் உரிய அலமாரியைக் காட்டுவார். டியூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமாயின், தொழில் தேர்வு பற்றிய நூல்கள் 331.702 என்னும் எண்ணிலும், வேலைக்கு விண்ணப்பித்தல் பற்றியவை 650.14 என்னும் எண்ணிலும் இருக்கும்.

இரண்டாவது, நடுவண் அரசின் தேசியத் தொழில் வகைப்பாடு. 1958-இல் முதன்முதல் வெளிவந்து, 2015-இல் திருத்தப்பெற்ற இத் தொகுதி, ஒவ்வொரு தொழிலிலும் ஒருவர் செய்யும் பணி இன்னதென்று விளக்குகின்றது. பெயரே கேட்டிராத தொழில்களை அதில் காணலாம்.

மூன்றாவது, கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளும் தொழில் இதழ்களும். எத்தொழில் வளர்கின்றது, எது தேய்கின்றது என்பதை இவை காட்டும். நம் சுரங்கமே சான்று. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் பல்லாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. தோண்டும் ஆழமோ மூன்று கிலோமீட்டரைக் கடந்தது. செலவு ஏறி வரவு இறங்கியது. இக் கணக்குகள் அச்சில் இருந்தன. எனினும், கதவு அடைபட்ட நாளில்தான் நம்மில் பலர் விழித்தோம். படித்திருந்தால் சுரங்கம் மூடப்படாதிருக்கும் என்று கூறவில்லை. பிள்ளைகளை முன்னரே வேறு வழியில் செலுத்தியிருப்போம் என்றே கூறுகின்றோம்.

நான்காவது, நாளிதழ்களும், 1976 முதல் வெளிவரும் நடுவண் அரசின் வேலைவாய்ப்பு வார இதழும், பழைய வினாத்தாள்களும். அரசுப் பணிக்குரிய கல்வித் தகுதி, வயது, தேர்வு முறை யாவும் விளம்பரத்திலேயே உள. நம் தெருவில் ஓர் இளைஞர், இல்லாத ஓர் அரசு வேலைக்காகத் தாயின் நகையை விற்று இடைத்தரகர் ஒருவரிடம் பணம் கொடுத்து ஏமாந்தார். ஒரு மணி நேரம் நூலகத்தில் இருந்திருந்தால், அத்தகைய பணிக்கு விளம்பரமே வெளிவரவில்லை என்பதை அறிந்திருப்பார்.

அவரைப் பின்னர் யாம் நூலகத்திற்கு அழைத்துச் சென்றோம். ஐ.டி.ஐ. சான்றிதழோடு தம் படிப்பு முடிந்தது என்று எண்ணியிருந்தவர் அவர். இரண்டாண்டுப் பயிற்சி முடித்தோர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம் என்பதையும், பட்டயம் பெற்றோர் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் அங்கேதான் அறிந்தார். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், ‘இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே, ஐயா’ என்றார். அச்சொல் இன்றும் எம் நெஞ்சை அறுக்கின்றது. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

பல்கலைக்கழகம் நெடுந்தொலைவில் இல்லை. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து, 2017-இல் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகம் கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. வெளியார் படிப்பதற்குரிய விதிகள் நூலகந்தோறும் வேறுபடும். முன்னரே எழுதிக் கேட்டுச் செல்க.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மாதந்தோறும் ஒரு நாளைக் குறித்து, பத்து இளைஞர்களைப் பெரியவர் இருவர் நூலகத்திற்கு அழைத்துச் செல்லட்டும். விழாப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதி அவர்தம் வழிச்செலவுக்குப் போதும். மகளிரையும் தவறாது அழைத்துச் செல்க.

தங்கத்திற்காக நம் தந்தையர் இருளில் இறங்கினர். பிள்ளைகள் வெளிச்சத்தில் அமர்ந்து படிக்க வழி செய்தல் நம் கடன்.