தடையும் தடமும்

ஜி. ஆர். தாமோதரன் நிறுவிய ‘கலைக்கதிர்’ வாயிலாக அறிவியலைத் தமிழில் படித்துப் பழகிய ஊர் கோவை. எனவே, இலக்கிய மேடையில் ஒரு மின்னணுக் கருவிக்கு என்ன வேலை என்று இங்கு எவரும் வினவார்.

‘மெமரிஸ்டர்’ என்பது அக்கருவி. நினைவு, மின்தடை ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை இணைத்து 1971-இல் லியோன் சுவா இட்ட பெயர் அது. அவர் கணக்கில் கண்டதை டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் கண்டதாக எச்.பி. ஆய்வகத்தார் 2008-இல் அறிவித்தனர்.

அதன் இயல்பை நொய்யல் கரை உழவர் எளிதில் உணர்வர். ஒரு மண் வாய்க்கால், நீர் ஒரு திசையில் ஓட ஓட அகல்கிறது. எதிர்த்திசையில் ஓடின் குறுகுகிறது. நீர் நின்றபின்னும் அவ்வகலம் மாறாதிருக்கிறது என்று கொள்க. மறுமுறை மடை திறக்கையில், முன்பு ஓடிய நீரின் கணக்கு வாய்க்காலிலேயே இருக்கும். மூளையில் நரம்பணுக்கள் சந்திக்கும் இடமும் பழகப் பழக இவ்வாறே வலுப்பெறுகிறது. இன்றைய கணிப்பொறியிலோ நினைவகம் ஓரிடம், கணக்கிடும் பகுதி வேறிடம். இரண்டுக்கும் இடையே தரவுகளைச் சுமந்து திரிவதிலேயே மின்னாற்றல் பெரிதும் செலவாகிறது. மூளைக்கு ஏறத்தாழ 20 வாட் போதும்.

இத்துறையில் வியப்புக்குரியது மாலிப்டினம் டைசல்பைடு. கந்தகம், மாலிப்டினம், மீண்டும் கந்தகம் என மூன்றே அணுக்களின் தடிப்புள்ள ஏடு அது. இவ்வளவு மெலிந்ததில் மின்னோட்டம் கசிந்துவிடும், நினைவு தங்காது என்றே கருதப்பட்டது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2018-இல் அதனைப் பொன் தகடுகளுக்கிடையே வைத்து நினைவு தங்குவதைக் காட்டினர். பின்னர் காரணமும் தெரிந்தது. ஏட்டில் ஒரு கந்தக அணு இல்லாத வெற்றிடத்தில் பொன்னணு ஒன்று வந்து அமர்ந்தால் மின்னோட்டம் எளிதாகிறது; அது விலகினால் தடை மிகுகிறது. பொருளின் குறையே நினைவின் இருப்பிடம்!

எனினும், ஒன்றுபோல் மற்றொன்று இயங்குவதும், பன்முறை மாற்றியும் தேயாதிருப்பதும் இன்னும் அரியனவே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் வேறு வழியில் சென்றனர். 2024-இல் அவர்கள் அறிவித்தது இருபரிமாண ஏடன்று, மூலக்கூற்றுப் படலம். அதில் ஏறத்தாழ 16,500 கடத்து நிலைகள் கிட்டின.

இனி, பெயர். ‘நினைவுத்தடை’ என நேரே பெயர்த்தால் நினைவுக்கு நேர்ந்த தடை என்றாகிவிடும்; மறதி நோய்க்கு வைத்த பெயர்போல் ஒலிக்கும். கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய விபத்துகள் புதியன அல்ல. மின்னோட்டம் சென்ற தடத்தைக் காப்பது பற்றித் ‘தடநினைவி’ என்னும் சொல் இவ்வவையின் முன் வைக்கப்படுகிறது. புலவர் பெருமக்கள் மறுப்பின், இதனினும் நல்லதொன்றை அவர்களே தருக.