பழைய வெந்நீர்ப் பாய்லர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

(ஆரணியில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் நெசவாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு ஆகியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இம்மேடையில், புழக்கடையில் கரி படிந்து நிற்கும் செப்புப் பாய்லரைப் பற்றி இன்று பேச வந்துள்ளோம். இது சிறு பொருள் என்று எவரும் எண்ண வேண்டா. குடும்பம் ஒன்றைக் கடனில் இறக்கவும் கடனின்றிக் காக்கவும் வல்லது இந்தச் சிறு பொருள்.

சென்ற மழைக்காலத்தில், ஆரணியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பட்டுக்குச் சாயம் தோய்க்கும் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பாய்லர் ஒழுகிற்று. ஒழுகிய நீர் நெருப்பை அணைத்தது. புதிய பாய்லர் வாங்க, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் கடன் கேட்டிருந்தார் குடும்பத் தலைவர். அவர் மனைவியாரோ, “இது எங்கள் மாமியார் சீராகக் கொண்டு வந்தது. எடைக்குப் போட மனம் வரவில்லை. வைத்துக்கொண்டு காலந்தள்ளவும் முடியவில்லை. நீங்கள்தாம் ஒரு வழி சொல்லவேண்டும், ஐயா” என்றார். அவ்வம்மையாருக்கு நாம் சொன்ன விடையையே இங்கும் சொல்ல விரும்புகிறோம்.

வெந்நீர் குறைந்தால் குளிப்பது தாமதமாகும். அவ்வளவுதானே என்று உழவர்கள் கருதலாம். சாயத் தொழில் வீட்டில் அப்படியன்று. கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பசையாகும். சோப்பும் சோடாவும் கலந்த நீரில், 90 முதல் 95 பாகை செண்டிகிரேட் வெப்பத்தில், ஒரு மணி நேர அளவு நூலை வைத்து அப்பசையை நீக்கவேண்டும். நீர் தளதளவெனக் கொதித்தால் இழைகள் சிக்கிக்கொள்ளும். வெப்பம் குறைந்தால் பசை ஓரிடத்தில் போய் ஓரிடத்தில் நிற்கும். பசை நின்ற இடத்தில் சாயம் வேறாகப் பிடிக்கும். சேலையில் அது திட்டாகத் தெரியும், கூலியும் குறையும். நாம் கண்ட வீட்டில் பாய்லரில் காய்ந்த நீரையே சாயக் கொப்பரைக்கு எடுத்து ஊற்றினார்கள். ஆகவே அவர்களுக்குப் பாய்லர் ஒரு தொழிற்கருவியே ஆகும்.

முதலில் கேட்கவேண்டியது, பழுது எங்கே உள்ளது என்பதாகும். பாய்லரின் நடுவே நெருப்புக் குழல் நிற்கிறது. அதனைச் சுற்றி நீர் நிற்கிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் செப்புத் தகடே பாய்லரின் உடல். குழாய், அதன் வாஷர், கீழே உள்ள இரும்புச் சல்லடை, மூடி ஆகியன அதன் உறுப்புகள். உறுப்புகளில் பழுது நேர்ந்தால் பழுது பார்த்தலே முறை. குழாய் ஒழுகுகிறது என்பதற்காகப் பாய்லரை விற்பது, கதவின் கீல் தேய்ந்தது என்று வீட்டை விற்பதற்கு ஒப்பாகும்.

உடலிலே பழுது இருப்பின், அது ஓரிடத்திலா பல இடங்களிலா என்று பார்க்கவேண்டும். பாய்லரைக் கவிழ்த்து நன்கு உலர்த்தி, இருட்டறையில் வைத்து, நீர் நிற்கும் பகுதிக்குள் டார்ச் விளக்கின் ஒளியைச் செலுத்துங்கள். ஊசித்துளை இருந்தாலும் ஒளி காட்டிக்கொடுக்கும். ஒரு துளையோ ஒரு மூட்டின் பிளவோ இருந்தால், கைதேர்ந்த கன்னார் அதனைப் பற்றவைத்துத் தருவார். நெருப்புக் குழல் முழுதும் மெலிந்து, பல இடங்களில் ஒளி தெரியுமாயின், அதற்குச் செலவிடும் கூலி வீணே. இவ்வாண்டு ஒரு துளையை அடைத்தால் மறு ஆண்டு வேறொரு துளை தோன்றும்.

மூட்டு ஏன் பிரிந்தது என்றும் கேட்கவேண்டும். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். பற்றவைக்கும் ஈயக் கலவை அதனினும் குறைந்த வெப்பத்திலேயே இளகும். பாய்லரில் நீர் உள்ளவரை தகட்டின் வெப்பம் ஏறக்குறைய நீரின் வெப்பத்தையே ஒட்டி நிற்கும், மூட்டுக்குக் கேடில்லை. நீரின்றி நெருப்பிட்டால் சிறிது நேரத்தில் மூட்டு விட்டுப்போகும். இவ்வழக்கத்தை மாற்றாவிட்டால் புதிய பாய்லரும் பழைய பாய்லரின் கதியையே அடையும். “முதலில் நீர், பிறகு நெருப்பு” என்பது வீட்டில் சிறுவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்தது விறகு. “பாய்லர் பழையது, விறகைத் தின்கிறது” என்று பலர் கூறுவர். விறகை நிறுத்துப் பாருங்கள். 40 லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 88 பாகைக்கு உயர்த்த 2,400 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகு ஏறக்குறைய 3,600 கிலோ கலோரி தரும். வெப்பம் முழுதும் நீரில் சேருமானால் முக்கால் கிலோ விறகுக்குள் வேலை முடியும். ஆனால் எந்த அடுப்பிலும் அப்படிச் சேர்வதில்லை. நான்கில் ஒரு பங்கு சேர்ந்தால் 2¾ கிலோ போதும். எட்டில் ஒரு பங்கே சேர்ந்தால் 5 கிலோவுக்கு மேல் எரியும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பாய்லரின் வயதன்று. குழலில் படிந்த கரி, உள்ளே படிந்த உப்பு, அடைபட்ட சல்லடை, ஈர விறகு ஆகியனவே காரணம். கரியைத் துடையுங்கள், புளிக்கரைசலை ஊற்றி ஊறவைத்து உப்பை நீக்கிப் பலமுறை அலசுங்கள், பிறகு மீண்டும் விறகை நிறுத்துப் பாருங்கள். இதற்குப் பின்னரே பாய்லரைக் குறை கூறுதல் நியாயம்.

இனி வரவு செலவுக்கு வருவோம். விலை ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கணக்கிடும் முறைக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். பழுதுக்கு 1,800 ரூபாய் ஆகிறது. அதனால் 3 ஆண்டு ஓடும் என்று கொள்வோம். ஆண்டுச் செலவு 600 ரூபாய். புதிய பாய்லர் 12,000 ரூபாய்; பழைய செம்பை எடைக்குப் போட்டால் 4,000 ரூபாய் கிடைக்கும்; கையிலிருந்து தரவேண்டியது 8,000 ரூபாய். அது 16 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 500 ரூபாய். ஆகவே, கையில் பணம் உள்ளவருக்குப் புதியதே சிக்கனம்.

கடன் வாங்குபவருக்கு இக்கணக்கு அடியோடு மாறுகிறது. 8,000 ரூபாய்க்கு மாதம் இரண்டு வட்டி என்றால் ஓராண்டு வட்டி மட்டும் 1,920 ரூபாய். பழுதுக்கூலி முழுவதையும்விட அது மிகுதி! அத்தகையவர் பழுது பார்த்துக்கொண்டு, மாதம் 225 ரூபாய் வீதம் மகளிர் குழுவிலோ அஞ்சலகத்திலோ சேர்த்து வருவாராயின், மூன்று ஆண்டில் 8,100 ரூபாய் சேரும். பழுது பார்த்தல் மூன்று ஆண்டு அவகாசத்தை விலைக்கு வாங்குவதாகும். அந்த அவகாசத்தில் சேமிக்காதவர் மீண்டும் அதே கடன்காரர் வாசலுக்கே செல்ல நேரும்.

எனினும் ஓரிடத்தில் கணக்குப் பார்த்தல் ஆகாது. அது உயிருக்கு ஆபத்து உள்ள இடம். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். மூடியை இறுக்கிக் கட்டியும் ஆவி போகும் வழியை அடைத்தும் வைத்தால் பாய்லர் வெடிக்கக்கூடும். ஆரணியின் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் நீராவிக் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் உண்டு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. வீட்டுப் பாய்லரைச் சோதிக்க எந்த அதிகாரியும் வருவதில்லை. ஆகவே அதற்கு நாமே அதிகாரி. கதவு சாத்திய குளியலறைக்குள் விறகோ கரியோ எரித்தல் கூடாது. அங்கு சேரும் நச்சுவாயுவிற்கு மணமில்லை. ஈயப் பற்று உள்ள பாய்லரின் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கொள்ளற்க.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு சொல். 1953-இல் டாக்டர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். பிறகு 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது முடிவுற்றது. இடையே நாடெங்கும் ஏராளமான அடுப்புகள் கட்டப்பட்டன. பல ஊர்களில் அவை வெடித்தபோதும் புகைபோக்கி அடைத்தபோதும் சரி செய்ய ஆளில்லை. மக்கள் பழைய அடுப்புக்கே திரும்பினர். புதியதைக் கொடுத்தால் மட்டும் போதாது, பழுது பார்க்கும் கையும் ஊரில் இருக்கவேண்டும் என்பதே இதன் பாடம். ஈயம் பூசுவோரும் கன்னாரும் அருகி வருகின்றனர். ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவூர்களில், ஆண்டுக்கு இருமுறை குறித்த நாளில் அத்தகைய கைவினைஞர் ஒருவரை வரவழைத்து நிழலும் இடமும் தருவது பஞ்சாயத்துக்குப் பெருஞ்செலவன்று. ஊரார் பாய்லர்களெல்லாம் அன்று ஒரே இடத்திற்கு வந்தால் கூலியும் குறையும்.

நாம் முதலில் கூறிய வீட்டில் டார்ச் விளக்கு ஒரே ஒரு மூட்டைத்தான் காட்டிற்று. அதனைப் பற்றவைத்தார்கள், குழலின் கரியைத் துடைத்தார்கள். கடன் வாங்கவில்லை. மாமியார் கொண்டு வந்த செம்பு இன்றும் அவ்வீட்டில் நீர் காய்ச்சுகிறது. அதன் அருகே சுவரில், மாதந்தோறும் சேர்த்த தொகையை அவ்வம்மையார் கரித்துண்டால் எழுதி வருகிறார். அப்பாய்லர் ஒரு நாள் எடைக்குப் போகத்தான் போகிறது. அன்று அக்குடும்பம் எவரிடமும் கைநீட்ட வேண்டியிராது.

நீங்களும் இன்று வீடு திரும்பியதும் உங்கள் பாய்லரை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.